விரல் கம்பி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த வீட்டில் டீ ஆறிப்போவது வழக்கம். அடுப்பில் வைத்தவள் அடுப்பருகே இருக்கமாட்டாள். ஜன்னல் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஃபோனையே முறைத்துக்கொண்டு நிற்பாள். ஒன்பது அடித்ததும் படம் எடுப்பவர்களின் குழுவில் அந்த வாரத் தலைப்பு வரும். ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்காக எங்கெங்கோ இருக்கிற ஆயிரத்துச் சொச்சம் பேர் இதேபோல டீயை ஆறவிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாலே லைன் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லைன் அக்கா அவளுக்கு நாத்தனார், வீட்டுக்காரனின் மூத்த அக்கா. கல்யாணப் பேச்சு வந்த காலத்தில் தம்பி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவன் வேலைக்குப் போகிற காலத்தில் கல்யாணப் பேச்சு நின்றுபோயிருந்தது. அதைச் சொல்லி அவள் யாரிடமும் மூக்கைச் சிந்தியதில்லை. ஆஸ்பத்திரி, விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்த்து அனுப்பும் சலவைக்கூடம் ஒன்றில் பத்தொன்பது வருஷமாக வேலை. அங்கே தேய்க்கும் லைனுக்கு அவள்தான் தலை, அதனால் லைன் அக்கா. தம்பி அதே கூடத்துக்கு வேன் ஓட்டுகிறான். தம்பி மனைவி மூன்று வருஷமாக அதே லைனில் விரிப்பு வாங்கி மடிக்கிறாள். கண்ட நேரத்திலும் ஃபோனைத் தூக்கிப் படம் எடுப்பதால் அவளுக்கு அங்கே கிளிக்கு என்று பெயர். அந்தப் பெயர் வேனில் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது.

"வந்திருச்சா உன் சொல்லு?" என்றாள் லைன் அக்கா, டீயைத் தானே வடிகட்டிக்கொண்டே.

"வந்திருச்சு அண்ணி. கை."

"கையா? கைன்னா?"

"கைன்னா கைதான் அண்ணி. கையை வச்சு ஒரு படம்."

"இதுக்கு ஆயிரம் பேரா? கை இல்லாதவன் யாரு? அவனவன் தன் கையை எடுத்துப் போட்டுட்டுப் போகவேண்டியதுதானே."

"அப்படித்தான் போடுவாங்க. குழந்தை கை, கிழவர் கை, கோத்துக்கிட்ட கை. நான் அதெல்லாம் போடமாட்டேன்."

"பின்ன, காலைப் போடுவியா?"

கிளிக்கு சிரித்தாளே தவிர கண்ணை எடுக்கவில்லை. தலைப்பு வந்த நாளில் அவள் காது பாதிதான் வேலை செய்யும்.

அந்தக் குழுவுக்குச் சட்டதிட்டம் உண்டு. படம் அந்த வாரம் எடுத்ததாக இருக்கவேண்டும். ஓரம் வெட்டக் கூடாது, மேல்பூச்சு கூடாது, எடுத்தது எடுத்தபடி இருக்கவேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் போட்டாக வேண்டும், முதல் இடம் எந்தப் படத்துக்கு என்று மறுநாள் காலை சொல்வார்கள். ஒரு வாரம் தவறினாலும், போட்ட படத்தை எடுத்துவிட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். ஐம்பத்திரண்டு வாரம் தொடர்ந்து போட்டவர்களின் படங்களைத் தனித் தொகுப்பாக வைப்பார்கள். கிளிக்குக்கு இது நாற்பத்தொன்றாவது வாரம். காய்ச்சலில் கிடந்த வாரத்திலும் மாத்திரை அட்டையை வெயிலில் பிடித்து எடுத்துப் போட்டாள்.

லைன் அக்கா வாயால் ஒத்துக்கொள்ளமாட்டாள், ஆனால் அவள் மனதிலிருந்து போகாத படம் ஒன்று உண்டு. 'சத்தம்' என்று தலைப்பு வந்த வாரம் அது. சத்தத்தை எப்படிப் படம் எடுப்பது? வீடே கிண்டல் செய்தது. கிளிக்கு நேரே போய், துணி பிழியும் மெஷின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தாள். மெஷின் சுற்றச் சுற்றத் தண்ணீரில் வட்டம் வட்டமாக நடுக்கம் எழுந்தது. அந்த நடுக்கத்தை எடுத்தாள். படத்தைப் பார்த்தபோது லைன் அக்காவுக்குக் காது அடைத்தது. பத்தொன்பது வருஷமாக அந்த மெஷின் பக்கத்தில் நடக்கிறாள், டம்ளர் வைக்கத் தோன்றவில்லையே என்று இருந்தது. "தண்ணியை வீணாக்காதே" என்று மட்டும் சொன்னாள்.

தேய்க்கும் லைன் என்றால் லேசான இடமில்லை. இரண்டு ஆள் நீளத்துக்கு ஓர் இரும்பு ரோலர். உள்ளே ஆவி ஓடும், தொட்டால் தோல் கழன்றுவிடும். ஈர விரிப்பை இரண்டு பேர் இரண்டு மூலையைப் பிடித்து உதறி, இழுத்து, சுருக்கமில்லாமல் ரோலருக்குக் கொடுக்கவேண்டும். அது உள்ளே இழுத்துக்கொண்டு மறுபக்கம் காய்ந்த விரிப்பாகத் தள்ளும். அங்கே இரண்டு பேர் வாங்கி மடிப்பார்கள், இன்னும் இரண்டு பேர் அடுக்குவார்கள். வெயில் காலத்தில் கூரையும் சுட்டு ரோலரும் சுட்டு, ஆறு பெண்களும் வெந்து போவார்கள். மூலை பிடிப்பதில் லைன் அக்காவுக்கு நிகர் கிடையாது. ஒரு உதறு, ஒரு இழுப்பு, கட்டைவிரலால் ஒரு நீவல், அவ்வளவுதான். அவள் கொடுத்த விரிப்பு மறுபக்கம் காகிதம் மாதிரி வரும்.

ரோலருக்கு முன்னால் குறுக்கே ஒரு மெல்லிய கம்பி உண்டு. விரல் கம்பி என்பார்கள். விரல் அதில் பட்டால் மெஷின் டக்கென்று நின்றுவிடும். விரலைக் காப்பாற்றத்தான் மெஷின் செய்தவன் வைத்திருக்கிறான். ஆனால் எது விரல், எது துணி என்று அதற்குத் தெரியாது. தடித்த ஓரம் பட்டாலும் நிற்கும். நின்றால் சுற்றிப் போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கவேண்டும், அதற்குள் உள்ளே மாட்டிய விரிப்பில் பழுப்புக் கோடு விழுந்திருக்கும், அதைத் திரும்ப வெளுக்கப் போடவேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள், ஒரே காலையில் முப்பது தடவை மெஷின் நின்றது. லைன் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. பழைய துண்டு ஒன்றின் சிவப்பு ஓரத்தைப் பரக்கென்று கிழித்து, கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிட்டாள். அன்றிலிருந்து லைன் நிற்கவில்லை. மேனேஜர் பார்த்தார், பார்க்காதவர் மாதிரி போனார். எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது.

அந்த வாரம் புதன்கிழமை மூன்றரை மணி இருக்கும். மேல் ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து, ரோலரிலிருந்து எழும் ஆவியில் விழுந்தது. கிளிக்கு மடித்துக்கொண்டிருந்த விரிப்பைப் பக்கத்துக்காரியிடம் தள்ளிவிட்டுச் சுற்றி வந்தாள்.

"அண்ணி, அப்படியே இருங்க."

"நான் இருந்துடுவேன். ரோலர் இருக்குமா?"

"சரி, நீங்க பாட்டுக்கு விடுங்க. என்னைப் பார்க்காதீங்க."

"உன்னைப் பார்க்கத்தான் நான் இங்க நிக்கிறேனா? போய் மடிடி."

எதிர் மூலை பிடித்தவள் கலகலவென்று சிரித்தாள். "லைனக்கா, கைக்குப் பவுடர் போட்டுக்கோங்க, ஊரே பார்க்கப் போகுது."

கிளிக்கு ஒரே ஒரு படம்தான் எடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீ அடுப்பிலேயே பொங்கி வழிந்தது. "அண்ணீ!" என்று ஜன்னலிலிருந்து ஒரு கத்தல். தம்பி சவரம் பாதியில் ஓடி வந்தான்.

"முதல் இடம் அண்ணி! நாப்பத்தொரு வாரத்துல முதல் தடவை!"

லைன் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். வெள்ளைக்குள் வெள்ளையாக ஒரு விரிப்பு. அதை நீவிக் கொடுக்கும் இரண்டு கைகள். மணிக்கட்டுக்கு மேல் வரிசையாகப் பழைய சூட்டுத் தழும்புகள். கட்டைவிரல் நகம் தேய்ந்து சப்பையாகியிருந்தது. ஆவியில் வெயில் பட்டு, கைகள் ஏதோ மேகத்துக்குள் வேலை செய்வது போலத் தெரிந்தன. மேல் மூலையில் சின்னதாக ஒரு சிவப்பு.

"இது என் கையா?"

"உங்க கைதான்."

"இவ்வளவு நல்லாவா இருக்கு?"

"எப்பவும் நல்லாத்தான் இருக்கு. நீங்க பார்த்ததில்லை."

கீழே எழுதியிருந்ததையெல்லாம் கிளிக்கு படித்துக் காட்டினாள். 'இந்தக் கைகளை வணங்குகிறேன்' என்று ஒருவர். 'என் அம்மாவும் சலவைதான் செய்தார்' என்று ஒருவர். 'அந்தச் சிவப்பை மூலையில் விட்டீர்களே, அங்கேதான் படம் நிற்கிறது' என்று குழுவை நடத்துகிறவரே எழுதியிருந்தார்.

"அந்தச் சிவப்புக்காகத்தான் ரெண்டடி பின்னால போய் நின்னேன்" என்றாள் கிளிக்கு பெருமையாக.

பத்தொன்பது வருஷத்தில் எல்லாரும் விரிப்பைப் பார்த்திருக்கிறார்கள். மடிப்பைப் பார்த்திருக்கிறார்கள், கறை இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். கொடுத்த கையை ஒருத்தரும் பார்த்ததில்லை. லைன் அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி, "அடுப்பைத் துடைக்கிறது யாரு?" என்று எரிந்து விழுந்தாள். அன்று காலை மட்டும் நாலைந்து தடவை, மணி என்ன ஆச்சு என்று கேட்கிற சாக்கில் ஃபோனை வாங்கிப் பார்த்தாள். வீட்டுச் சுவரிலேயே கடிகாரம் மாட்டியிருக்கிறது.

மத்தியானம் ஒருவர் எழுதினார். மெஷின் பழுது பார்ப்பவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். 'படம் அருமை. இருபது வருஷமாக இந்த மெஷினில்தான் என் பிழைப்பு. மேலே சிவப்பாகத் தெரிவது விரல் கம்பியைக் கட்டிவைத்த துணிதானே? தயவுசெய்து அவிழ்த்துவிடுங்கள். அந்தக் கைகள் இருக்கவேண்டும்.' மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் அதன்கீழ் ஒருவர் ஆத்திரப்பட்டார், இன்னொருவர் எந்த இடம் என்று கேட்டார், வேறொருவர் விரிப்பின் மூலையில் குத்தியிருந்த முத்திரையைப் பெரிதாக்கிப் பார்த்து, இது இன்ன ஆஸ்பத்திரியின் விரிப்பு என்று கண்டுபிடித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் அந்த ஆஸ்பத்திரிக்கே சேதி போய்விட்டது.

திங்கட்கிழமை மேனேஜர் இருவரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். ஆறு வருஷத்துக்கு முன் வந்தவர். லைன் அக்காவை அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். மேசை விசிறியைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டும் வேர்த்துக்கொண்டிருந்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு, நான் இல்லேங்கல. ஆனா அதை எடுத்துடணும். எடுத்துட்டு, 'இது நான் வேலை பார்க்கிற இடம் இல்ல, எங்கேயோ எடுத்தது'ன்னு ஒரு வரி போட்டுடும்மா."

"முத்திரை தெரியுதே சார்" என்றாள் கிளிக்கு.

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகட்டும். ஒரே விரிப்பு நாலு இடத்துக்குப் போகும், யாரு கண்டா? வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலேருந்து ஆள் வர்றாங்க. படம் இருந்தா, யாரு கட்டினதுன்னு கேப்பாங்க. நான் ஒரு ஆளைக் காட்டியாகணும். காட்டின ஆள் வீட்டுக்குப் போயாகணும்." விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யார் கட்டினதுன்னு எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது."

தெரியும் என்று மூவருக்கும் தெரியும். வெளியே வந்ததும் வாசலில் ஒரு பெட்டி வைத்து, இனிமேல் ஃபோனை இதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலை மூவரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சாப்பாட்டைத் தவிர மற்ற எல்லாம் நடந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் தம்பி. "அழிச்சுத் தள்ளு. படமா பெருசு? அக்கா வேலை போயிடும்."

"அழிச்சுடறேங்க. நான் மாட்டேன்னு சொல்லவே இல்லையே." கிளிக்குவின் கண் சிவந்திருந்தது. "என்னால வந்த வினை. நாப்பத்தொண்ணு போனா போகுது, மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிச்சுக்கறேன். அண்ணி, நான் கம்பியைப் பார்க்கவே இல்ல அண்ணி. சிவப்பைத்தான் பார்த்தேன்."

"நீ ஏன் அழற? கட்டினவ நானு." லைன் அக்கா கையை நீட்டினாள். "குடு. அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக்கறேன்."

"எத்தனை தடவைதான் பார்ப்பே?" என்றான் தம்பி.

"நீ சும்மா இருடா. என் கை, நான் பார்ப்பேன்."

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கக் கிளிக்குதான் கற்றுக்கொடுத்திருந்தாள். லைன் அக்கா முதலில் தழும்புகளைப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள். பிறகு விரல் நுனிக்குப் போனாள். அங்கேயே நின்றாள். இன்னும் பெரிதாக்கினாள். ஃபோனைக் கண்ணருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள்.

"இது என்னடி?"

"எது அண்ணி?"

"விரலுக்குப் பக்கத்துல கறுப்பா வளைஞ்சு தெரியுதே."

"ரோலர் அண்ணி."

"ரோலர் எப்படி இவ்வளவு கிட்ட இருக்கும்? நான் ஒரு சாண் தள்ளித்தான் விடுவேன்."

கிளிக்கு ஃபோனை எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, நான் ஒரு சாண் தள்ளித்தானே விடுவேன்? நீ எதிர்ப்பக்கம் நிக்கிறவதானே, சொல்லு."

"நான் வர்ற விரிப்பைத்தான் பார்ப்பேன் அண்ணி. உங்க பக்கம் ஆவியாத் தெரியும்."

லைன் அக்கா எழுந்தாள். "இந்த மேசை விளிம்புதான் ரோலர்னு வச்சுக்க." ஒரு துண்டை விரித்து, மூலையைப் பிடித்து, உதறி, இழுத்து, கொடுக்கிற மாதிரி நின்றாள். விளிம்புக்கும் விரலுக்கும் நடுவே சரியாக ஒரு சாண் இருந்தது. "இப்படித்தானே?"

கிளிக்கு படத்தைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். பிறகு அண்ணியின் இரண்டு கைகளையும் மெல்லப் பிடித்து முன்னால் நகர்த்தினாள். முக்கால் சாண், அரைச் சாண். விளிம்புக்கு இரண்டு விரல் இடைவெளி இருக்கும்போதுதான் நிறுத்தினாள்.

"இப்படி அண்ணி."

தம்பி எழுந்து வந்து குனிந்து பார்த்தான்.

லைன் அக்கா அந்த இரண்டு விரல் இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு வருஷமாகத் தன்னைப் பார்த்து மற்றவர்களும் இப்படித்தான் கொடுக்கிறார்கள் என்பது மனதில் பட்டது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு, 'பயப்படாதே, நான் கொடுக்கிற மாதிரி கொடு' என்று தானே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்ததும் ஞாபகம் வந்தது.

"படம் இருக்கட்டும்" என்றாள்.

"அக்கா!"

"இருக்கட்டும்னு சொன்னேன். பத்தொன்பது வருஷமா இந்தக் கையோட இருக்கேன், எனக்குத் தெரியல. அதுக்குத் தெரிஞ்சிருக்கு." ஃபோனைக் கிளிக்குவின் பக்கம் தள்ளினாள். "நீ எங்கேயோ எடுத்ததுன்னு எழுதக் கூடாது. கை என்னுது. அதை இல்லேன்னு சொல்ல நீ யாருடி?"

"வேலை போயிட்டா?" என்றான் தம்பி.

"போனா, கையோடதானே போறேன். சாப்பாடு போடு, பசிக்குது."

செவ்வாய்க்கிழமை மெஷின் சூடேறுவதற்கு முன்பே அவள் லைனில் நின்றாள். ஸ்டூலில் ஏறி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். இரண்டு வருஷ ஆவியில் அது கல்லாகியிருந்தது. கடைசியில் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. கம்பி சட்டென்று தன் இடத்தில் வந்து விழுந்தது. சிவப்புத் துணியைச் சுருட்டிக்கொண்டு நேரே கண்ணாடி அறைக்குப் போய் மேசைமேல் வைத்தாள்.

"கட்டினது நான்."

"அக்கா, நான் கேக்கவே இல்லையே."

"நீங்க கேக்கமாட்டீங்க. அதான் நானே சொல்றேன். வர்றவங்ககிட்ட என்னைக் காட்டுங்க. ரெண்டு வருஷமா நீங்க பார்த்துட்டுச் சும்மா போனதை மட்டும் நான் சொல்லமாட்டேன். அது நீங்க சொல்லவேண்டியது."

மேனேஜர் துணியை எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

லைன் ஓடத் தொடங்கியது. முதல் விரிப்பு போயிற்று. இரண்டாவதில் டக்கென்று நின்றது. "ஆரம்பிச்சிருச்சு, தடிச்ச ஓரம்" என்றாள் எதிர் மூலைக்காரி. புதுப்பெண் ஓடிப் போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். ஆனால் லைன் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஓரம் படவில்லை. அவளுடைய நடுவிரல்தான் பட்டது.

விரிப்பில் அடையாளம் போடுகிற மைப் பேனா அவள் பையில் எப்போதும் இருக்கும். அதை எடுத்து இடது முன்கையின் உட்பக்கம் ஒரு கோடு போட்டாள். அடுத்த நிறுத்தத்தில் துணி பட்டது, போடவில்லை. அதற்கடுத்ததில் விரல், போட்டாள். சாப்பாட்டு மணி அடித்தபோது பதினேழு கோடு இருந்தது. இடையில் மாற்றி மூலை பிடித்த புதுப்பெண்ணுக்கு மூன்றோ நான்கோதான் இருக்கும். லைனிலேயே கைதேர்ந்தவள் என்று பெயர் வாங்கியவளுக்குப் பதினேழு. இரண்டு வருஷத்துக்கு முன் முப்பது தடவை நின்றதே, எல்லாம் துணிதான் என்று நினைத்துக் கட்டினோமே என்று அவளுக்கு வேர்த்தது.

மத்தியானத்துக்கு மேல் அவள் கோடு போடவில்லை. காலையில் மட்டும் எண்ணுவது என்று வைத்துக்கொண்டாள். புதன்கிழமை கீழே இன்னொரு வரிசை, பதினொன்று. கையைப் பின்னால் இழுத்தால் விரிப்பு சுருங்கியது, சுருக்கத்தை நீவப் போனால் விரல் கம்பியில் பட்டது. மூலையைப் பிடிக்கும் இடத்தையே மாற்றினாள். கட்டைவிரலால் நீவுவதை விட்டு, கொடுப்பதற்கு முன்பே இரண்டு தடவை உதறப் பழகினாள். நாற்பத்தாறு வயதில் மூலை பிடிக்கப் படிப்பது என்றால் சும்மாவா? தோள்பட்டை இற்றுப்போயிற்று. வெளியே வந்த விரிப்புகளில் சுருக்கத்தைப் பார்த்து, "யாருடி இதைக் கொடுத்தது?" என்று பழக்கத்தில் கத்திவிட்டு, தானேதான் என்று தெரிந்து சிரித்தாள். லைன் முழுக்கச் சேர்ந்து சிரித்தது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கம்பியை விரலால் தட்டிப் பார்த்தார், மெஷின் நின்றது. யார் கட்டியது என்று கேட்டார். மேனேஜர் வாயைத் திறக்குமுன் லைன் அக்கா சொல்லிவிட்டாள். "எனக்கும் தெரியும், நான் பேசாம இருந்துட்டேன்" என்றார் மேனேஜர், தரையைப் பார்த்தபடி. அந்த அம்மாள் எழுதிக்கொண்டார். பிறகு லைன் அக்காவின் கையைப் பார்த்து, அது என்ன கோடு என்றார். விஷயத்தைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கோடாக எண்ணிப் பார்த்தார்.

வீட்டில் கிளிக்குவின் நிலைமை மோசம். வாரத் தலைப்பு 'எண்ணிக்கை'. ஃபோன் உள்ளே போகாது. வாசல்படிகளை எடுத்தாள், முட்டை அட்டையை எடுத்தாள், வேனின் சக்கர நட்டுகளை எடுத்தாள். எல்லாவற்றையும் தானே திட்டிக்கொண்டு தள்ளினாள்.

"முட்டையை எண்ணிட்டா எண்ணிக்கை ஆயிடுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆம்லெட் ஆகும்" என்றான் தம்பி.

லைன் அக்கா முழுக்கைச் சட்டையின் கையை இறக்கிவிட்டுக்கொண்டு பேசாமல் சாப்பிட்டாள். வீட்டில் அந்தக் கோடுகளை அவள் காட்டவில்லை. லைனில் கிளிக்கு பார்த்திருந்தாள். கேட்கத் தைரியம் வரவில்லை. அண்ணியின் கையால் ஒரு தடவை வினை வந்தது போதும் என்று இருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். வேலை இருக்கும், லைன் இருக்காது. திங்கட்கிழமை முதல் எதிர் மூலைக்காரிதான் தலை. தன்னையும் வேறிடத்துக்கு மாற்றப்போகிறார்கள் என்றார். எதிர் மூலைக்காரி கேட்டுவிட்டு அழுதாள். "எனக்கு வேண்டாம் லைனக்கா."

"ஏய், லைனை எடுத்துக்கோடி. அக்காவை யாரு எடுக்க முடியும்?" என்று சொல்லிவிட்டு வந்தாளே தவிர, வேனில் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தம்பி வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினான். கிளிக்கு பின்னாலிருந்து அண்ணியின் தோளில் கையை வைத்தாள், வீடு வரும்வரை எடுக்கவில்லை.

ஐந்தரை ஆகியிருந்தது. கிளிக்கு அடுப்பை மூட்டினாள்.

"உன் படம்?" என்றாள் லைன் அக்கா.

"இல்ல அண்ணி. விட்டுடறேன். இன்னிக்கு எனக்கு மனசில்ல."

"உன் படத்தால எனக்கு ஆபத்து வரக் கூடாதுன்னு அழிக்க வந்தவதானே நீ? இப்ப நானே வந்து நிக்கறேன், மனசில்லைங்கற." மேசையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் கையைத் திருப்பி வைத்தாள். "எடு. துணி மை, பத்து வெளுப்புக்கும் போகாது. நாலு நாளா தேய்ச்சுக் குளிச்சும் அப்படியே இருக்கு. இது எண்ணிக்கை இல்லாம வேற என்ன?"

முதல் வரிசையில் பதினேழு. அதன்கீழ் பதினொன்று. அதன்கீழ் ஆறு. அதன்கீழ் இரண்டு. சாய்ந்த வெயில் கோடுகள் மேல் விழுந்தது. தழும்புகளும் கோடுகளும் எது எது என்று பிரிக்க முடியாமல் கலந்து கிடந்தன. கிளிக்கு பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த அண்ணி மாதிரி ஒருத்தி தன் தவறைத் தன் கையிலேயே எழுதிவைத்துக்கொண்டு நாலு நாள் பேசாமல் சாப்பிட்டாளே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஃபோனைத் தூக்கினாள். இந்தத் தடவை இரண்டடி பின்னால் போகவில்லை, இரண்டடி முன்னால் வந்தாள்.

"ஆடாதீங்க அண்ணி."

"இன்னிக்கு ரோலர் இல்ல. நீ நிதானமா எடு."

ஆறு மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது படம் போயிற்று. மேலே, 'போன வாரக் கை. செவ்வாய்க்கிழமை கம்பியை அவிழ்த்த பிறகு, காலை வேளைகளில் விரல் பட்டு மெஷின் நின்ற எண்ணிக்கை' என்று மட்டும் எழுதினாள். டீ போட்டு மூன்று பேரும் ஆறவிடாமல் குடித்தார்கள். குடித்து முடிப்பதற்குள் மெஷின் பழுது பார்ப்பவர் எழுதிவிட்டார். கிளிக்கு படித்தாள்.

"'அந்த அம்மாவுக்கு என் வணக்கம். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி நாலு வரிசை இருக்கு. இன்னிக்குச் சனிக்கிழமை. சனிக்கிழமை வேலைக்குப் போகலையா? வரிசையைக் காணோமே?'"

"போகாம என்ன? போனேன்" என்றாள் லைன் அக்கா.

"என்னன்னு எழுதட்டும் அண்ணி?"

லைன் அக்கா தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். இரண்டு கோட்டுக்குக் கீழே தோல் வெறுமையாக இருந்தது.

"சனிக்கிழமை ஒரு தடவையும் படலைன்னு எழுது."